முண்டு மிளகாயும் ஒரு யுஎஸ்பி டோக்கனும்

மிளகாய் வாங்குவது, களத்தில் காயப்போடுவது, சொத்தை பொறுக்கி மூட்டை கட்டுவது எல்லாம் எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து நடக்கிற வேலை. அதையே சொந்தப் பெயரில் துபாய்க்கு அனுப்புவது என்று இறங்கினால், களத்தில் நிற்கிற நேரத்தைவிடக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற நேரம்தான் அதிகம். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலாடி, சாயல்குடி பக்கத்தில் இதே யோசனையோடு இருக்கிறவர்கள் அடிக்கடி போன் போட்டு விசாரிக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே கதையைச் சொல்வதற்கு எழுதியே வைத்துவிடலாம்.

2023 பிப்ரவரியில் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது. தேரா துபாயில் மொத்தக் கடை வைத்திருக்கிற கீழக்கரைக் காக்கா (அந்த ஊர்ப் பேச்சில் அண்ணன்) ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, நம்ம ஊர் மிளகாயை மூணு கை மாறி நான் வாங்குறேன். நீயே நேரா அனுப்பேன். ஆனா பேப்பர் சுத்தமா இருக்கணும், இங்கே ஒரு எழுத்து மாறினாலும் சரக்கு நின்னுரும்" என்றார். பேப்பர் என்று அவர் சொன்னதில் பாதிக்கு மேல் பேப்பரே கிடையாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

முதல் படி ஐ.இ.சி. என்கிற ஏற்றுமதி-இறக்குமதி எண். டி.ஜி.எஃப்.டி. என்கிற வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் தளத்தில் 500 ரூபாய் கட்டினால் போதும். பான் எண்ணே ஐ.இ.சி. எண்ணாக வந்துவிடும். மசாலா வாரியத்தின் ஏற்றுமதியாளர் பதிவையும் கையோடு போட்டுவிட்டேன். மிளகாய் மசாலாப் பட்டியலில் இருப்பதால் அது இல்லாமல் முடியாது. இவை இரண்டும் சிரமமே இல்லை.

சிரமம் ஐஸ்கேட்டில்தான். சுங்கத்துறையின் மின்வாசல் அது. ஷிப்பிங் பில் (ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் போடும் மனு) தாக்கல், ஆவணப் பதிவேற்றம், வங்கிக் கணக்குப் பதிவு எல்லாம் அதன் வழியாகத்தான். அது தனியாக எதையும் நம்பாது. பான் பதிவில் என்ன பெயர், ஜிஎஸ்டியில் என்ன பெயர், டி.ஜி.எஃப்.டி.யில் என்ன பெயர், டிஜிட்டல் கையெழுத்தில் என்ன பெயர் என்று ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கும். நம் ஊர்க்காரனுக்கு இதில்தான் அடி. எனக்கு ஆதாரில் பெயருக்கு முன்னால் இன்ஷியல். வங்கிப் பாஸ்புக்கில் அதே இன்ஷியல் பெயருக்குப் பின்னால். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து குடும்பப் பெயர் மாதிரி நிற்கிறது. மூன்றும் நான்தான் என்று எங்கள் தெருவுக்கே தெரியும், ஐஸ்கேட்டுக்குத் தெரியாது. எனவே இதை ஆரம்பிக்கிறவர்கள் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் பான் கார்டில் உள்ளபடி ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மாற்றிக்கொள்வது நல்லது. என் ஆடிட்டர் இதை முதலிலேயே பிடித்துச் சொன்னார், அந்தப் புண்ணியம் அவருக்கு.

அடுத்தது ஏ.டி. கோடு. அந்நியச் செலாவணி கையாள உரிமை உள்ள வங்கிக் கிளையின் 14 இலக்க எண் அது. நம் கணக்கு இருக்கிற கிளையில் போய்க் கேட்டால் "அது எந்த கோடு சார்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். கடற்கரை ஊர்க் கிளைகளில் பலவற்றுக்கு அந்த வேலையே வந்திருக்காது. மதுரைக் கிளை வழியாகத்தான் கடிதம் வந்தது, அதுவும் பழைய இன்ஷியலோடு. ஐஸ்கேட்டில் ஏற்றியதும் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. மறுபடி கடிதம், மறுபடி முத்திரை. வங்கி ஊழியரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அவர் கம்ப்யூட்டரில் இருந்ததைத்தான் அடித்துக் கொடுத்தார்.

இனி அந்த டோக்கன். மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ், பார்க்க ஒரு பென் டிரைவ் மாதிரி இருக்கும். வாங்கும்போது வீடியோவில் முகத்தையும் பான் கார்டையும் காட்ட வேண்டும். கையெழுத்துக்கான ரகசியச் சாவி அந்த டோக்கனுக்குள்ளேயே உருவாகும், அதைவிட்டு வெளியே வராது. இன்வாய்ஸ் பி.டி.எஃப்.பில் கையெழுத்திடும்போது அந்தக் கோப்பின் சுருக்க எண் ஒன்று கணக்காகி, டோக்கனுக்குள் போய்ப் பூட்டுப்போட்டு வெளியே வருகிறது. அப்புறம் அந்தக் கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் கையெழுத்து செல்லாது என்று திறந்து பார்க்கிறவர் திரையில் காட்டிவிடும். கடவுச்சொல்லைச் சில தடவை தப்பாகப் போட்டால் டோக்கன் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்.

இதைத் தெரிந்துகொண்டதில் எனக்குக் கிடைத்த லாபம் ஒன்று. தூத்துக்குடியில் நான் முதலில் பேசிய ஏஜென்ட் ஆபீஸில், "டோக்கனையும் பாஸ்வேர்டையும் இங்கேயே விட்டுட்டுப் போங்கண்ணே, எல்லாரும் அப்படித்தான்" என்றார்கள். கொடுக்கவில்லை. உரிமம் பெற்ற சுங்க முகவர் தன்னுடைய சொந்தக் கையெழுத்திலேயே நமக்காக ஷிப்பிங் பில் போடலாம். அவருக்கு நாம் அங்கீகாரக் கடிதமும் கே.ஒய்.சி. ஆவணங்களும் கொடுத்தால் போதும். அந்த டோக்கன் ஜிஎஸ்டி, வருமான வரித் தளங்களிலும் செல்லும். கையெழுத்துப் போட்ட வெற்று ஸ்டாம்ப் பேப்பரை யாராவது கடையில் வைத்துவிட்டு வருவோமா? வேறு ஏஜென்ட் பிடித்தேன். அவர் டோக்கனைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆவணங்கள் எல்லாம் ஐஸ்கேட்டின் பதிவேற்றப் பகுதியான இ-சஞ்சித்தில் ஏறும். ஒரு கோப்பு 1 எம்.பி.க்குள் இருக்க வேண்டும். போனில் கலராகப் படம் எடுத்து அனுப்பினால் அளவு தாண்டும். கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் தானாக அடங்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கிடைக்கும், அந்த எண்களை ஷிப்பிங் பில்லோடு இணைப்பார்கள். அதிகாரி அதைத் தன் திரையில் பார்த்துக்கொள்வார்.

மசாலா வாரியம் மிளகாயில் மாதிரி எடுத்து, அஃப்ளாடாக்சின் என்கிற பூஞ்சை நஞ்சும் சூடான் சாயமும் இருக்கிறதா என்று பார்க்கும். சாயத்துக்கு நம் முண்டுவில் வேலை இல்லை, தோலே கருஞ்சிவப்பு. பூஞ்சைதான் பயம். ஈரப்பதத்தோடு மூட்டை கட்டினால் எந்தக் கையெழுத்தும் காப்பாற்றாது. சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்கிற தாவர நலச் சான்றிதழுக்கும் ஆன்லைனில்தான் மனு.

சரக்கு வேம்பார் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடி போனது. ஏற்றுமதி அனுமதி கிடைத்த உடனே க்யூஆர் கோடு போட்ட ஷிப்பிங் பில் மின்னஞ்சலில் வந்துவிட்டது. 1964 டிசம்பர் புயலுக்கு முன்பு தனுஷ்கோடியிலேயே சுங்க அலுவலகம் இருந்தது. இன்றைக்கு நம் மூட்டை தூத்துக்குடி போய், அங்கிருந்து கொழும்பில் கப்பல் மாறித்தான் வளைகுடா போகிறது. தனுஷ்கோடியில் நின்றால் தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை!

காக்கா கேட்ட இன்னொன்று, தோற்றச் சான்றிதழ். இந்தியாவுக்கும் அமீரகத்துக்கும் 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிற ஒப்பந்தத்தின் கீழ் இந்தியச் சரக்கு என்று காட்டுவதற்கு அது வேண்டும். அதற்கும் ஆன்லைனில்தான் விண்ணப்பம், அதற்கும் அதே டோக்கன். சரக்கின் ஹெச்.எஸ். எண் (சரக்கு எந்த வகை என்று காட்டும் எண்), எடை, இன்வாய்ஸ் எண் மூன்றும் ஷிப்பிங் பில்லில் உள்ளபடியே இருந்தால் இங்கே ஒரு தொல்லையும் இல்லை.

அரசாங்கத் தளங்கள் இத்தனை பூட்டுப் போட்டிருக்க, ஓட்டை நம் பக்கம்தான். சரக்கு கடலில் இருக்கும்போது, வங்கிக் கணக்கை மாற்றிவிட்டோம், பணத்தைப் புதுக் கணக்கில் போடுங்கள் என்று என் பெயரில் காக்காவுக்கு ஒரு மெயில் போயிருக்கிறது. முகவரியில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அவர் பழைய ஆள், போன் போட்டு என் குரலைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை பார்த்தார். அன்றிலிருந்து வங்கி விவரம் எதுவானாலும் குரலில் உறுதி செய்த பிறகுதான் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். இன்வாய்ஸிலும் டிஜிட்டல் கையெழுத்து இல்லாமல் நான் அனுப்புவதில்லை.

பணம் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஷிப்பிங் பில் விவரம் சுங்கத்திலிருந்து ரிசர்வ் வங்கி ஏற்றுமதிப் பணத்தைக் கண்காணிக்கிற இ.டி.பி.எம்.எஸ். அமைப்புக்குப் போய், "இந்தச் சரக்குக்குப் பணம் வரவேண்டும்" என்று காத்துக்கொண்டிருக்கும். வந்த பணத்தை வங்கி அந்த பில்லோடு இணைத்து அந்தப் பதிவை முடிக்க வேண்டும். டி.ஜி.எஃப்.டி. தளத்தில் பணம் வந்ததற்கான மின்சான்று, அதாவது இ-பி.ஆர்.சி. எடுக்க வேண்டும். நான் எல்.யு.டி. என்கிற உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து வரி கட்டாமல் அனுப்பினேன். ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) கட்டி அனுப்பிய எங்கள் ஊர் நண்டு வியாபாரி ஒருவருக்கு ரீஃபண்ட் எஸ்.பி.005 என்ற பிழையில் மாட்டிக்கொண்டது. விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1இல் இன்வாய்ஸ் எண்ணில் நிதியாண்டையும் சேர்த்து அடித்திருந்தார்கள், ஷிப்பிங் பில்லில் வெறும் எண். ரிட்டர்னில் திருத்தம் போட்டுத்தான் பணம் வந்தது.

ஒன்று பாக்கி. ஐ.இ.சி.யை வருஷம் தவறாமல் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் திறந்து, மாற்றம் எதுவும் இல்லை என்றாலும் உறுதி செய்ய வேண்டும். விட்டால் எண் செயலிழந்துவிடும், ஷிப்பிங் பில் ஏறாது. எல்.யு.டி.யையும் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் போட வேண்டும். அந்த மாதங்களில் நம் பக்கத்து ஆட்கள் எல்லாம் மிளகாய்க் களத்தில்தான் இருப்போம். போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.