கூலியும் சேதாரமும்

எங்கள் வீட்டுக் கொலுசுப் பட்டறையில் தரையைக் கூட்டினால் குப்பையை வெளியே கொட்ட மாட்டார்கள். ஒரு டப்பாவில் சேர்த்துவைப்பார்கள். அந்த மண்ணை வாங்கிப் போகவே ஆள் வருவார். அலசி, உருக்கி, அதிலிருக்கும் வெள்ளியைப் பிரித்து எடுத்துவிடுவார். சேலம் சிவதாபுரத்தில் இந்தத் தொழிலுக்கு நடுவில் வளர்ந்தவனுக்குக் கிராம் கணக்கு தானாக வந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருவன் ஏழு வருடம் கூண்டுக்குள் போய் அடித்தும் அடி வாங்கியும் சம்பாதித்ததை அப்பா எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

2012-ல் சஞ்சய் தத்தும் ராஜ் குந்த்ராவும் சேர்ந்து சூப்பர் ஃபைட் லீக் என்ற கூண்டுச் சண்டைத் தொடரைத் தொடங்கியபோது எனக்கு இருபது வயது. சிலம்பம் தெரியும், காலேஜில் கொஞ்சம் பாக்ஸிங் போட்டிருந்தேன். குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த இந்த எம்.எம்.ஏ. சண்டையை அதற்கு முன்னால் செல்போனில் துண்டு துண்டாகப் பார்த்ததோடு சரி. டிவியில் பார்த்தபோது எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இதற்கும் காசு தருகிறார்கள்.

ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் பயிற்சி. கைகால் வீசத் தெரிந்தால் போதும் என்று நினைத்துப் போனேன். முதல் மாதமே பெங்களூரிலிருந்து ஜூஜிட்சு சொல்லித்தர ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், கண்ணாடி வேறு. கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு என்னைக் கீழே தள்ளி ஐந்து நிமிடம் எழவே விடவில்லை. குத்தவும் இல்லை, திட்டவும் இல்லை, சும்மா மேலே படுத்திருந்தார். எனக்கு மூச்சு முட்டியது. கீழே கிடப்பதும் ஒரு வேலை, அதையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் ஏற்காடு மலைப்பாதை. அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எட்டாவது கொண்டை ஊசி வளைவு வரை ஓடுவோம். மொத்தம் இருபது வளைவு. இருபதையும் ஓடியதாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. உயரமான இடத்தில் பயிற்சி எடுக்கிறோம் என்று பெருமை வேறு. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர், அந்தக் கணக்குக்கு அது போதாது. நாங்கள் ஓடியதோ அதில் பாதிகூட இல்லை. ஆனால் ஏற்றம் ஏற்றம்தான், தொடைக்கு அது தெரியும்.

இந்தத் தொழிலில் சண்டை என்பது ரொம்பக் கொஞ்சம். சாதாரணப் போட்டி ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று ரவுண்டு, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. பட்டம் என்றால் ஐந்து ரவுண்டு, அங்கெல்லாம் நான் போகவில்லை. ஏழு வருடத்தில் பதினோரு போட்டி, ஆறில் ஜெயித்தேன். ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப்பார்த்தேன். கூண்டுக்குள் நான் இருந்தது மொத்தமே 92 நிமிடம். மீதியெல்லாம் பயிற்சி, போன் வருமா என்று காத்திருப்பது, அப்புறம் எடை.

எடையைப் பற்றி வெளியாட்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். என் பிரிவு பேன்டம்வெயிட், 135 பவுண்டு, அதாவது 61.2 கிலோ. சாதாரண நாளில் நான் 69, 70 இருப்பேன். போட்டிக்கு முதல் நாள் எடை பார்ப்பார்கள், அந்த ஒரு நொடி 61.2 காட்டினால் போதும். அதற்காகப் பல வாரம் சோற்றைக் குறைத்து, கடைசி வாரம் உப்பை நிறுத்தி, தண்ணீரை முதலில் அளவுக்கு மேல் குடித்து, பிறகு அடியோடு நிறுத்தி, மிச்சத்தை வியர்வையாக வெளியேற்ற வேண்டும். வடக்கே ஒரு ஊர் ஹோட்டலில் நடந்ததுதான் எனக்கு மறக்காது. தொட்டி கிடையாது. பாத்ரூம் கதவை அடைத்து, கீசர் தண்ணீரைத் திறந்துவிட்டு, ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஆவியில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் உள்ளே, பத்து நிமிடம் வெளியே. போட்டியில் என் கார்னரில் நின்று உதவ அம்மாப்பேட்டையிலிருந்து வந்திருந்த நண்பன் வாசலில் தராசோடு உட்கார்ந்திருந்தான். "மாப்ள, இன்னும் நானூறு கிராம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து "இன்னும் இருநூத்தம்பது". எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் உதடு வெடித்திருந்ததால் சிரிக்க முடியவில்லை. மனதில் ஓடியதெல்லாம் தட்டுவடை செட்டு. பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப்போட்டு, காரச் சட்னி தடவி. அந்த நினைப்பிலேயே வாயில் எச்சில் ஊற, அதையும் பாட்டிலில் துப்பினேன். எச்சிலும் கிராம்தானே.

2015 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற எம்.எம்.ஏ. நிறுவனத்தின் போட்டிக்காக மணிலா போன யாங் ஜியான் பிங் என்ற சீன வீரர் இப்படி எடையைக் குறைக்கும்போதுதான் இறந்தார். 21 வயது. அதன் பிறகு அந்த நிறுவனம் தண்ணீரை வற்றவைத்து எடை குறைப்பதைத் தடை செய்து, உடம்பில் போதுமான நீர் இருக்கிறதா என்று பரிசோதிக்க ஆரம்பித்தது. அந்தச் செய்தியைப் படித்தேன், நண்பனுக்கும் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அதே ரெயின்கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டேன். இதை எப்படி விளக்குவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

காது கதை ஒன்று உண்டு. மல்லுக்கட்டும்போது காது நசுங்கினால் குருத்தெலும்புக்கும் அதன் மேல் சவ்வுக்கும் நடுவில் ரத்தம் கட்டும். உடனே ஊசியால் உறிஞ்சி அழுத்திக் கட்டாவிட்டால் அப்படியே இறுகிவிடும். என் இடது காது அப்படி ஆனது. அம்மா அதைப் பணியாரம் என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாரும் காதையே பார்த்தார்கள், என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. (கல்யாணம் பிறகு வேறு இடத்தில் ஆயிற்று. அந்த வீட்டில் மாமனாருக்கே மூக்கு கோணல்.)

காது போனால் பரவாயில்லை, கை அப்படியல்ல. எம்.எம்.ஏ. கையுறை 4 அவுன்ஸ், சுமார் 113 கிராம். கனமான கொலுசு ஒரு ஜோடி அதைவிட எடை நிற்கும். பாக்ஸிங்கில் இதைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாது. எதிராளியைப் பிடிக்க விரல் வெளியே தெரிய வேண்டும் என்பதால் இவ்வளவு மெல்லிசு. எட்டாவது போட்டியின் முதல் ரவுண்டில் என் வலது குத்து அவன் நெற்றியில் இறங்கியது. சுண்டுவிரலுக்குக் கீழே புறங்கை எலும்பு முறிந்தது. அடிபட்ட சூட்டில் வலி தெரியவில்லை. மூன்று ரவுண்டும் முடித்து, நடுவர்களின் புள்ளியில் ஜெயித்தும்விட்டேன். கையைத் தூக்கிக் காட்டியபோதுதான் உயிர் போனது.

மூன்று மாதம் பட்டறையில் இடுக்கியைப் பிடிக்க முடியவில்லை. சலங்கையைப் பற்றவைக்கும்போது அரைக்கால் நூல் நகர்ந்தாலும் வேலை கெடும். என் விரல் நடுங்கியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, என் பங்கு வேலையையும் அவரே இழுத்துப்போட்டுச் செய்தார். ஒருநாள் ராத்திரி கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார், "இந்தப் போட்டிக்கு எவ்வளவு குடுத்தாங்க?" இறங்கியதற்குப் பத்தாயிரம், ஜெயித்ததற்குப் பத்தாயிரம், இரண்டாவது பத்து இன்னும் வரவில்லை என்றேன். ரத்தப் பரிசோதனை, ரயில், சாப்பாடு, எக்ஸ்ரே, மாவுக்கட்டு என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "கூலி சரி. சேதாரம் யாரு குடுக்கறாங்க?" என்றார்.

எங்கள் தொழிலில் கூலியையும் சேதாரத்தையும் தனித்தனியாகப் பேசித்தான் வேலையை எடுப்போம். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அமெரிக்காவில் மாநில ஆணையங்கள் இருக்கின்றன. நாக் அவுட் ஆனவரை இத்தனை நாள் இறங்கக் கூடாது என்று எழுத்தில் தடுத்துவிடுவார்கள். பத்தாவது போட்டியில் தலையில் உதை வாங்கி விழுந்தேன். கண் விழித்ததும் யார் ஜெயித்தது என்று நண்பனிடம் கேட்டேனாம், மூன்று தரம். எனக்கு அந்த ராத்திரியே ஞாபகமில்லை. யாரும் எதையும் எழுதித் தரவில்லை. நாற்பதாவது நாள் அடுத்த போட்டிக்குப் போன் வந்தது, சரி என்றேன். இதில் அடுத்தவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, போனை எடுத்தது நான்தான். அந்தப் பதினோராவதுதான் கடைசி.

இப்போது பகலில் பட்டறை, சாயங்காலம் பையன்களுக்குப் பயிற்சி. பரத் கந்தாரே 2017-ல், அமெரிக்காவின் பெரிய எம்.எம்.ஏ. நிறுவனமான யு.எஃப்.சி.க்குப் போன முதல் இந்தியர். 2024-ல் பூஜா தோமர் அங்கே தன் முதல் போட்டியிலேயே ஜெயித்தார். பையன்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். நல்லதுதான். பதினோரு போட்டி ஆடிவிட்டு ஊர் திரும்பியவர்களின் பெயர் அந்தப் பட்டியலில் வராது.

போன மாதம் ஒரு பையன் வந்தான், பத்தொன்பது வயது, 66 கிலோ. ஃப்ளைவெயிட்டில் இறங்குகிறேன், 56.7-க்கு வந்துவிடுவேன் என்றான். நான் விடவில்லை. 61.2-ல் இறங்கு, இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். "நீங்க மட்டும் அப்ப குறைச்சீங்களேண்ணா?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் ஆளைக் காணோம். வேறு ஜிம்முக்குப் போய்விட்டான் என்றார்கள். நேற்று வந்து, ஒன்றும் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறி நின்றான். 65.4 காட்டியது. நோட்டில் எழுதிக்கொண்டேன்.