சிப்ஸ் கூடத்தில் தணிக்கை: முதலில் எண்ணெய்ச் சட்டி

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து நேந்திரங்காய் சிப்ஸ் கூடங்களில் தணிக்கைக்குப் போனால் கோப்பைத் திறக்குமுன் எண்ணெய்ச் சட்டியைப் பாருங்கள். பொரிக்கும் எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பச் சூடாகும்போது சேரும் சிதைவுப் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2018 ஜூலை முதல் இதுதான் விதி.

இதை அளக்கும் மீட்டரை அவசரப்பட்டு முக்கக் கூடாது. சிப்ஸை அரித்தெடுத்து, குமிழ் அடங்க ஐந்து நிமிடம் விட்டு, எண்ணெயைக் கிளறி, சட்டியின் விளிம்பில் படாமல் பிடிக்க வேண்டும். நீர்க்குமிழ் இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். நம்மூர்ப் பக்குவத்தில் மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரைக் கொதிக்கும் எண்ணெயிலேயே ஊற்றுகிறோம். அந்த நீர் கொழுப்பை உடைக்கும். அடியில் கருகும் தூள் மீதியைக் கெடுக்கும். அதனால் தினமும் வடிகட்டியே ஆக வேண்டும். பழைய எண்ணெயில் புதியதை ஊற்றினால் எண் இறங்கும், மண்டி போகாது.

பிறகு, இந்த மீட்டர் அளவைத் தினமும் குறிக்கும் பதிவேடு. முப்பது நாளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் 18, 18 என்று இருந்தால் அது ஒரே உட்காரலில் எழுதியது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்களுக்கு எண்ணெய்க் கணக்கு கட்டாயம்; கழித்த எண்ணெய் யாரிடம் போனது என்ற ரசீதையும் கேளுங்கள். தட்டுக்கடைக்கு மலிவாகப் போவதுதான் பெரிய ஆபத்து.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. சூடு ஆறாமல் கட்டினால் பாக்கெட்டின் உள்ளே வியர்த்துச் சிப்ஸ் நமத்துவிடும். ஆறவிட்டுத் திறந்தே வைத்தாலும் ஈரக்காற்றை இழுக்கும்.

கடைசியாகக் கொல்லைப்புறம்: கழுவுநீர், எண்ணெயைப் பிரித்துத் தடுக்கும் பொறித்தொட்டி வழியாகப் போகிறதா, நேராக வாய்க்காலுக்கா? மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.