ட்விஸ்ட் இருந்தா மட்டும் த்ரில்லர் ஆயிடாது

ஒரு த்ரில்லர் படம் எப்படி இருக்குன்னு யார்கிட்ட கேட்டாலும் இப்பல்லாம் மொத பதில் "கிளைமாக்ஸ் ட்விஸ்ட் செமயா இருக்கு"ன்னுதான் வருது. எனக்கு இது ரொம்ப நாளாவே உறுத்திட்டு இருக்கு. ட்விஸ்ட் ஒரு நிமிஷத்துல முடிஞ்சு போற சமாச்சாரம், மிச்சம் ரெண்டு மணி நேரம் நம்மள அசையவிடாம உக்கார வைக்கறது வேற ஒன்னு, அதப் பத்திதான் இங்க எழுதறேன் (பழைய படங்களோட கதை சில இடத்துல வெளிய வரும், பாக்காதவங்க பாத்துட்டு வாங்க).

த்ரில்லர் படங்களுக்குப் பேர் போன இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோகிட்ட சொன்ன குண்டு உதாரணம் நெறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு மேஜைல உக்காந்து சும்மா பேசிட்டிருக்காங்க, திடீர்னு மேஜைக்கு அடியில இருந்த குண்டு வெடிக்குது, ஆடியன்ஸுக்கு 15 செகண்ட் அதிர்ச்சி, அவ்ளோதான். அதே குண்ட வைக்கறத நமக்கு மொதல்லயே காட்டிட்டு, ஒரு மணிக்கு வெடிக்கும், இப்ப மணி பன்னெண்டே முக்கால்னு கடிகாரத்தையும் காட்டிட்டா, அதே வெட்டிப் பேச்சு 15 நிமிஷம் நம்மளப் பாடாப் படுத்திடும், எந்திரிச்சுப் போங்கடான்னு கத்தணும் போல இருக்கும். யாருக்கு என்ன தெரியும், எப்ப தெரியும், இந்தக் கணக்குதான் த்ரில்லர்.

இத அவர் வாயால சொன்னதோட விடல. 1958ல வந்த வெர்டிகோ ஒரு பிரெஞ்சு நாவல்ல இருந்து எடுத்தது, காதலிச்ச பொண்ணு செத்துட்டான்னு நெனைக்கற ஹீரோ அவ சாயல்ல இன்னொருத்தியப் பாக்கறான், நாவல்ல இந்தப் பொண்ணு யாருங்கற ரகசியம் கடைசிலதான் தெரியும். ஹிட்ச்காக் அத படம் முடிய இன்னும் ஏகப்பட்ட நேரம் இருக்கறப்பவே நமக்கு மட்டும் சொல்லிடறாரு, ஹீரோவுக்குத் தெரியாது. கைல இருந்த ட்விஸ்ட்ட அவரே தூக்கிப் போட்டுட்டாருன்னுதான் மேலோட்டமா பாத்தா தோணும், ஆனா அதுக்கப்புறம் அவன் அவள மாத்தி மாத்தி டிரஸ் போட வச்சு, தலைமுடி கலர மாத்தச் சொல்லி, செத்துப்போனதா அவன் நெனைக்கற பொண்ணாவே அவள ஆக்கறப்ப நமக்கு வயித்தப் பெசையுது. முன்னாடியே தெரியலன்னா அந்த சீன் எல்லாம் வெறும் கிறுக்குத்தனமாத் தெரிஞ்சிருக்கும்.

சீரியல் கில்லர் வகைய எடுத்துக்கோங்க. ஜெர்மன் படம், ஃப்ரிட்ஸ் லாங் 1931ல எடுத்த 'எம்' (M), அதுல கொலைகாரன் யாருன்னு நம்மகிட்ட ஒளிச்சு வைக்கவே இல்ல. அவன் ஒரு ட்யூன விசிலடிப்பான், அந்த விசில வச்சு கண்ணு தெரியாத பலூன்காரர் ஒருத்தர் அவனக் கண்டுபிடிப்பாரு. பேசும் படம் வந்து கொஞ்ச வருஷந்தான் ஆகியிருக்கு, அதுக்குள்ள சத்தத்த மட்டும் வச்சு பயம் காட்டத் தெரிஞ்சிருக்கு பாருங்க, எத்தன தடவ பாத்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரல.

கொலைய செஞ்சது யாருங்கற துப்பறியும் படம் இதுக்குப் பக்கத்து வீடு மாதிரி, அங்க நம்மளும் விசாரிக்கறவரும் ஒன்னா தேடறோம். எஸ். பாலசந்தரோட அந்த நாள் (1954) அப்படித்தான், ஒரே கொலை, ஆளுக்கொரு கோணம், படத்துல ஒரு பாட்டு கூட கெடையாது. பாட்டு வந்தா கதைல ஓடிட்டிருக்கற கடிகாரம் நின்னுடும்னு அப்பவே புரிஞ்சு எடுத்த மாதிரிதான் எனக்குப் படுது.

பொலிட்டிகல் த்ரில்லர்ல கணக்கு தலைகீழ், எல்லாருக்கும் எல்லாம் தெரியும், ஹீரோவுக்கும் நமக்கும் மட்டும் ஒன்னும் தெரியாது. எழுபதுகள்ல அமெரிக்கால இந்த வகை கொடி கட்டிப் பறந்துச்சு. கொப்போலாவோட தி கான்வர்சேஷன் 1974ல வந்துச்சு, அதே வருஷம் ஆகஸ்ட்லதான் வாட்டர்கேட்ங்கற ஒட்டுக்கேட்பு விவகாரத்துல அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் பதவிய விட்டுப் போறாரு. ஒட்டுக்கேக்கறதையே தொழிலா வச்சிருக்கற ஒருத்தன் ஒரு டேப்ப திரும்பத் திரும்ப கேக்கறான், அதுல ஒரு வரிய அவன் புரிஞ்சுக்கிட்டதே தப்புன்னு கடைசில தெரியுது. இதுவும் ட்விஸ்ட்தான், இல்லன்னு சொல்லல, ஆனா அந்த வரி மொதல்லருந்தே நம்ம காதுல விழுந்துட்டுதான இருந்துச்சு, நம்மகிட்ட எதையும் மறைக்கல. கடைசி பத்து நிமிஷத்துல புதுசா ஒருத்தர கூட்டிட்டு வந்து இவர்தான் வில்லன், இவருக்கு ஒரு ஃப்ளாஷ்பேக்னு சொல்றதுக்கும் இதுக்கும் எவ்ளோ தூரம்!

ஸ்பை, கோர்ட், கொள்ளை, வீட்டுக்குள்ள ஆள் புகுந்துடறது, இப்படி இன்னும் ஏகப்பட்ட வகை இருக்கு, ஒவ்வொன்னையும் இதே கணக்க வச்சுப் பாத்தீங்கன்னா புரிஞ்சிடும். எனக்குப் பிடிச்ச கலவை ஜீத்து ஜோசப்போட த்ரிஷ்யம் (2013). கொலை நம்ம கண்ணு முன்னாடியே நடக்குது, போலீஸுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும், அதனால ஒவ்வொரு விசாரணைலயும் அந்தக் குடும்பத்தோட சேந்து நமக்கும் வேர்க்குது. ஆனா பொணம் எங்கங்கறது மட்டும் நமக்கும் தெரியாது. சஸ்பென்ஸையும் (முன்னாடியே காட்டின குண்டு) சர்ப்ரைஸையும் (திடீர்னு வெடிக்கற குண்டு) ஒரே கதைல ரெண்டுக்கும் பங்கமில்லாம வைக்கறது ரொம்பக் கஷ்டமான வேலை.

இப்ப எழுதறவங்களுக்கு பெரிய தலைவலி செல்ஃபோன்னு நெனைக்கறேன். ஆபத்துல இருக்கறவர எச்சரிக்க ஒரு கால் போதும், அதனாலதான் சிக்னல் இல்ல, சார்ஜ் இல்லன்னு எல்லாப் படத்துலயும் ஒரு சீன் வந்துடுது. அத விட ஃபோனையே குண்டா மாத்தலாம், மெசேஜ் போயிடுச்சு, டபுள் டிக் விழுந்துடுச்சு, ஆனா அந்த ஃபோன் இப்ப கொலைகாரன் கைல இருக்கறது நமக்கு மட்டும் தெரியும். இது மாதிரி யோசிச்சு எடுத்தா நான் மொத நாளே போய் பாப்பேன்.