நறுமண எண்ணெய் வினாக்கள்: பி.பார்ம் ஐந்தாம் பருவத்தினருக்கு

பி.பார்ம் ஐந்தாம் பருவப் பார்மகாக்னசி (இயற்கை மருந்துப் பொருள்களைப் பற்றிய படிப்பு) தாளின் இரண்டாம் அலகில் புதினா, கிராம்பு, லவங்கப்பட்டை, பெருஞ்சீரகம், கொத்தமல்லி ஆகியவற்றின் எண்ணெய்கள் வருகின்றன. பலர் தாவரப் பெயர், குடும்பம், வேதிக்கூறு, பயன் என்று மனப்பாடம் செய்துவிட்டு, பாதுகாப்பைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி சேர்த்து முடித்துவிடுகிறார்கள். அத்தாளை எழுதித் தேறியபின் இளையவர்களுடன் அமர்ந்து படிப்பவர் என்ற முறையில் நான் வலியுறுத்துவது இதுதான்: ஓர் எண்ணெயின் பயனையும் தீங்கையும் ஒரே வேதிக்கூறிலிருந்து விளக்கப் பழகுங்கள்.

கிராம்பிலிருந்து தொடங்குவது நல்லது. மொட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் உண்டு. அதில் பெரும்பங்கு யூஜெனால். நரம்பிழைகளின் சோடியம் வாயில்களை அது அடைப்பதால் பல்வலி மரத்துப்போகிறது. பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைப்பதும் இதைத்தான். அதே யூஜெனால் நீர்க்கப்படாமல் ஈறில் பட்டால் திசுவைப் புண்ணாக்கும். சிறு குழந்தைகள் 5 முதல் 10 மில்லி கிராம்புத் தைலத்தை விழுங்கியதால் வலிப்பும் கடுமையான கல்லீரல் பாதிப்பும் ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பாராசிட்டமால் நச்சுக்குத் தரப்படும் என்-அசிட்டைல் சிஸ்டீன் இதற்கும் பயன்படுத்தப்பட்டிருப்பதால், அம்மருந்து கல்லீரலில் மீட்டெடுக்கும் காப்புப் பொருளான குளூட்டாதயோன் பற்றி மருந்தியல் தாளில் படித்த பாடத்தை இங்கே இணைத்து எழுதலாம். வீட்டில் தைலப் புட்டியைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்வதற்கான காரணமும் இதில் அடங்கியிருக்கிறது.

லவங்கப்பட்டையில் உறுப்பைக் குறிப்பிடாமல் எழுதுவது பெரும் பிழை. பட்டையின் எண்ணெயில் சின்னமால்டிஹைடும், இலையின் எண்ணெயில் யூஜெனாலும் மிகுந்திருக்கின்றன. ஆல்கஹாலில் கரைத்து ஃபெரிக் குளோரைடு ஒரு துளி விட்டால் முதலாவது வெளிர்பச்சையாகவும் இரண்டாவது நீலமாகவும் நிறம் தரும். சின்னமால்டிஹைடு கிருமிகளை ஒடுக்குகிறது. ஆனால் தோல் ஒவ்வாமையைத் தூண்டுவதில் பெயர் பெற்றது, பற்பசையிலும் சூயிங்கத்திலும் சேரும்போது உதடும் வாயும் புண்ணாகலாம்.

இஞ்சியைப் பாடத்திட்டம், நீராவியில் வடித்தெடுக்கப்படும் இந்த ஆவியாகும் எண்ணெய்களில் சேர்க்காமல் பிசின்களில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். காரம் தரும் ஜிஞ்சரால் நீராவியில் ஏறி வராது. மிளகின் பைப்பரினும் மஞ்சளின் குர்குமினும் அப்படியே. ஆகவே மஞ்சள் எண்ணெய்க்குக் குர்குமினின் பயன்களை எழுதுவது விடையை அடியோடு தவறாக்கிவிடும். விற்பனை விளம்பரங்களிலும் இக்குழப்பம் மலிந்திருப்பதால், இதை நன்றாகப் புரிந்துகொள்வது தேர்வுக்கு அப்பாலும் பயன்படும்.

பெருஞ்சீரகத்தில் அனெத்தோல் வயிற்று உப்புசத்தைத் தணிக்கிறது. உடன் சிறிதளவு இருக்கும் எஸ்டிராகோல் அதிக அளவில் விலங்குகளின் கல்லீரலில் கட்டிகளை உண்டாக்கியது. பாட்டி தரும் சோம்புத் தண்ணீரையும், பல கிலோ விதையைக் காய்ச்சி வடித்த அடர்ந்த எண்ணெயையும் ஒன்றாகக் கருதக் கூடாது என்பதை விடையில் தெளிவாக எழுதுங்கள். புதினாவுக்கு, அதன் எண்ணெயின் முக்கியக் கூறான மெந்தாலைக் கைக்குழந்தையின் மூக்கருகே தடவினால் மூச்சுத் தடைபடலாம் என்பதைச் சேர்த்தால் போதும்.

நீர்த்தலைத் துளிக் கணக்கில் எழுதாமல் சதவீதத்தில் எழுதுங்கள். துளியின் அளவு எண்ணெயின் பிசுக்குக்கும் துளிப்பானுக்கும் ஏற்ப மாறும்.

செய்முறைத் தேர்வில், எண்ணெயை வடித்து அளக்கும் கிளெவெஞ்சர் கருவியின் முன் நிற்கும்போது, கிராம்பு எண்ணெய் நீரைவிடக் கனமானது என்பது நினைவில் இருந்தால் அது நீருக்கடியில் தங்குவதைக் கண்டு குழம்ப மாட்டீர்கள். கிராம்பின் குறுக்குவெட்டில் செறிந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் தோன்றும் ஊசிப் படிகங்கள் பொட்டாசியம் யூஜெனேட். வாய்மொழித் தேர்வில் சேமிப்பு பற்றியும் கேட்கலாம்: கொத்தமல்லி எண்ணெயின் லினலூல் காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்து ஒவ்வாமை தரும் பொருள்களாக மாறுவதால், ஒளி புகாத சிறிய புட்டியில் நிரம்ப ஊற்றி இறுக மூடி, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும், பெருஞ்சீரக எண்ணெய் அக்குளிரில் உறைந்திருந்தால் இளஞ்சூட்டில் முழுதும் உருக்கிக் கலக்கிய பிறகே அளந்தெடுக்க வேண்டும்.