கேமரா ஓட்டைக்குள் போன ஆள்

இங்கிலாந்தின் லிங்கன் நகரில், மொபைல் கவர்களில் படம் அச்சடித்துத் தரும் சின்னக் கடையில் வேலை பார்க்கிறேன். குழந்தை, நாய்க்குட்டி, கல்யாணப் படம் என்று எல்லாம் வரும். ஆனாலும் இந்த ஊருக்கே உரியது லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம்தான். இரண்டாம் உலகப் போரில் இந்த வட்டாரம் முழுக்க விமானத் தளங்கள். விடியற்காலையில் திரும்பி வந்த விமானிகளுக்கு, ஊர் வந்துவிட்டது என்று சொன்னவை இங்குள்ள பேராலயத்தின் கோபுரங்கள்.

அச்சடிக்கிறவனுக்கு லங்காஸ்டர் சுலபமான படமில்லை. இரவில் கண்ணில் படாமல் பறக்க வேண்டும் என்று வயிற்றுப் பக்கம் முழுக்கக் கறுப்பு அடித்திருப்பார்கள். கறுப்புக் கவரில் அப்படியே அச்சடித்தால் பாதி விமானம் காணாமல் போகும். முதலில் வெள்ளை மையை ஒரு பூச்சு கொடுத்து, யூவி விளக்கில் இறுகவிட்டு, அதன் மேல்தான் வண்ணம். வெள்ளை மை சீக்கிரம் அடியில் தங்கிவிடும், காலையில் வந்ததும் குலுக்க மறந்தால் படம் திட்டுத்திட்டாக வரும்.

போன வருடம் ஒரு அம்மா தன் வீட்டில் மாட்டியிருந்த ஓவியத்தைப் படம் எடுத்துக் கொண்டுவந்தார். விடியல் நேரம், மேகத்தை விட்டுச் சரிந்து இறங்கும் லங்காஸ்டர். மூக்கு கீழே வலப்பக்கம், வால் மேலே இடப்பக்கம். விமானம் பெரிதாகத் தெரியட்டும் என்று கவரை நிரப்பி வைத்து அச்சடித்தேன். வண்ணம் அருமையாக வந்திருந்தது. வாங்கிப் பார்த்தவர் கேமராவுக்கு விட்ட ஓட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். "என் தாத்தா இங்கேதான் உட்கார்ந்திருந்தார்" என்றார். குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

ஏழு பேர் போகும் விமானம் அது. ஆறு பேர் முன்பாதியிலும் நடுவிலும் இருப்பார்கள். ஒருவர் மட்டும் வால் நுனியில், கண்ணாடிக் கூண்டுக்குள், நான்கு துப்பாக்கிகளோடு தனியாக, உறையும் குளிரில் பல மணி நேரம். பாராசூட்டைக்கூடக் கூண்டுக்குள் வைக்க இடமிருக்காது, அதைக் கூண்டுக்குப் பின்னால், விமானத்தின் உடலுக்குள் மாட்டியிருப்பார்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். இந்த அம்மாவின் தாத்தாவும் திரும்பவில்லை. நான் வெட்டி எறிந்தது அவர் இருந்த இடத்தை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் கேன்விக் குன்றில், பாம்பர் கமாண்டில் பணியாற்றி இறந்தவர்களுக்காக இருக்கும் நினைவிடத்துக்குப் போனேன். நடுவில் நிற்கும் தூணின் உயரம் 102 அடி, லங்காஸ்டரின் ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை உள்ள நீளமும் அதுதான். சுற்றிலும் இரும்புச் சுவர்களில் ஏறக்குறைய 58,000 பெயர்கள். குண்டு விழுந்த ஊர்களில் இருந்தவர்களின் நினைவுகளையும் அந்த நினைவிடம் சேர்த்து வைத்திருக்கிறது. 1943 ஜூலைக் கடைசியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மட்டும் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். எரியும் ஊருக்கு மேல் குண்டு கொட்டும் படம் ஒன்று எங்கள் கடை ஸ்டாண்டில் இருந்தது. மறுநாள் முதலாளியிடம் சொல்லி அதை எடுக்க வைத்தேன். அதை அலங்காரமாக விற்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் அந்த அம்மாவின் படத்துக்கு உட்கார்ந்தேன். இடம் வலமாகத் திருப்பினால் வால் தப்பிக்கும், ஆனால் உடலில் எழுதிய படைப்பிரிவு எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிவிடும். விமானத்தைச் சிறிதாக்கிக் கீழே இறக்கி, மேலே கொஞ்சம் மேகம் வரைந்து சேர்த்தேன். வால் கூண்டு ஒரு பயறு அளவுக்குத்தான் வந்தது. அதற்குள் நான்கு துப்பாக்கிகளும் நான்கு கோடுகளாகத் தனித்தனியே தெரிய வேண்டும் என்று மூன்று கவர்களை வீணாக்கினேன். நான்காவதில் தெரிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

இப்போது யார் லங்காஸ்டர் கொண்டுவந்தாலும் உங்கள் வீட்டு ஆள் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். நேற்று வந்த பெரியவர், "அப்பா நேவிகேட்டர், விமானத்துக்கு வழி கணித்துச் சொல்பவர். திரை போட்டு விளக்கை மறைத்து உள்ளே இருப்பார், வெளியிலிருந்து தெரியாது" என்றார். சரி, இடத்தை மட்டும் காட்டுங்கள் என்றேன். விமானி இருக்கைக்குச் சற்றுப் பின்னால், இறக்கைக்கு முன்னால் விரலை வைத்தார். அங்கே ஒரு புள்ளி குறித்துக்கொண்டேன்.