இ.வி. இப்போதா, அப்புறமா? ஒரு கணக்குப்பிள்ளையின் குறிப்பு

எலெக்ட்ரிக் கார் (இ.வி.) வாங்கலாம் என்று இருக்கிறேன் என வாயைத் திறந்தால் போதும், "ரெண்டு வருஷம் பொறுங்க மாப்ள, சாலிட் ஸ்டேட்னு புது வகை பேட்டரி வருது" என்று ஆரம்பித்துவிடுகிறார் என் மச்சான். போன வருஷமும் இதையேதான் சொன்னார். அதற்கு முந்தின வருஷமும். அவர் இன்னமும் டீசல் வண்டிதான் ஓட்டுகிறார் என்பது வேறு விஷயம்.

நான் பெருந்துறை சிப்காட்டில் ஓர் ஆலையின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீடு ஈரோட்டில். பேட்டரிக்குள் நடக்கும் வேதியியல் எனக்குப் பிடிபடாது. வரவு செலவு பிடிபடும். அதனால் 2025 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்செல் ஷீட்டைத் திறந்து உட்கார்ந்தேன்.

இப்போது இருப்பது 2012 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட். மாதம் சுமார் 1,000 கி.மீ. ஓடுகிறது. கிளட்ச், சஸ்பென்ஷன் என்று மெக்கானிக் ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பட்டியல் தருகிறார். பங்க்கில் இப்போது ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். என் வண்டி அதற்காகச் செய்யப்பட்டதும் அல்ல. ஆக, ஏதோ ஒரு கார் வாங்கியே ஆக வேண்டும். எது, எப்போது என்பதுதான் கேள்வி.

முதலில் ஈபி பில். ஷோரூமில் "கி.மீ.க்கு ஒரு ரூபாய்கூட ஆகாது சார்" என்றார்கள். எல்லா ஷோரூமிலும் இதே வசனம். வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை என்று நினைத்தால்தான் அந்தக் கணக்கு வரும். தமிழ்நாட்டில் ஸ்லாப் முறை என்பது கரண்ட் பில் கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஆகும். 2025 கட்டணப்படி முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு மானியம், பில் 1,300 ரூபாய் சுற்றி வரும். கார் வந்தால் கூடுதலாக 290 யூனிட். யூனிட்டுக்கு 7 கி.மீ. என்று, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன். மொத்தம் 710. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினாலே அந்த மானிய ஸ்லாப் போய்விடும். 501-லிருந்து 600 வரை யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல், 601-லிருந்து 800 வரை ஒன்பது ரூபாய்க்கு மேல். போட்டுப் பார்த்தால் பில் ஏறத்தாழ 4,000 ரூபாய். அதாவது காருக்காக நான் கூடுதலாகக் கட்டப்போவது 2,700, கி.மீ.க்கு 1.35 ரூபாய்.

ஒரு ரூபாய் இல்லைதான். ஆனாலும் புது பெட்ரோல் கார் லிட்டருக்கு 18 கி.மீ. கொடுத்தாலும் கி.மீ.க்கு ஐந்தரை ரூபாய்க்கு மேல் ஆகிறது. என் ஓட்டத்துக்கு வருஷத்துக்கு 50,000 ரூபாய் மிச்சம். ஆயில் மாற்றுவது கிடையாது என்பதால் சர்வீஸ் செலவும் குறையும், ஆனால் இன்ஷூரன்ஸ் கூடும். அந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று கழித்துவிட்டேன்.

அடுத்து, வாங்கும் விலை. 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு இது சிக்கலாகிவிட்டது. சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, மேலே இருந்த செஸ் என்ற கூடுதல் வரியும் போனது. எலெக்ட்ரிக் கார்களுக்கு 2019 ஆகஸ்டிலிருந்தே 5 சதவீதம்தான். அதில் மாற்றம் இல்லை. டாடா நெக்ஸான் பெட்ரோல் வண்டிக்கு ஒன்றரை லட்சம் வரை விலை குறைந்தது. எலெக்ட்ரிக்குக்கு ஒன்றும் குறையவில்லை. நான் ஒப்பிட்டுப் பார்த்த இரண்டு வண்டிகளுக்கும் ஆன்ரோடு வித்தியாசம் இப்போது மூன்று லட்சம். வருஷம் ஐம்பதாயிரம் என்றால் ஆறு வருஷத்தில் ஈடாகும். நான் ஒரு காரை வாங்கினால் பத்துப் பன்னிரண்டு வருஷம் விட மாட்டேன், அதனால் எனக்குச் சரி. நாலு வருஷத்துக்கு ஒருமுறை வண்டி மாற்றுகிறவர்கள் இந்த ஷீட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இப்போது மச்சானின் வாதத்துக்கு வருகிறேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2020 ஜனவரியில் நெக்ஸான் இ.வி. வந்தபோது ஆரம்ப விலை 13.99 லட்சம். பேட்டரி 30.2 யூனிட் பிடிக்கும். 2024 செப்டம்பரில் 45 யூனிட் பேட்டரியோடு வந்த மாடலின் ஆரம்ப விலையும் அதே 13.99 லட்சம்தான். பொறுத்தவருக்கு அதே காசில் ஒன்றரை மடங்கு பேட்டரி. அப்படியானால் இன்னும் பொறுக்கலாமே?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தேன். எரிசக்தி ஆய்வு நிறுவனமான ப்ளூம்பெர்க் என்.இ.எஃப். கணக்குப்படி 2024-ல் ஒரு கிலோவாட் அவருக்கு, அதாவது ஒரு யூனிட்டுக்கு, பேட்டரி பேக்கின் உலக சராசரி விலை 115 டாலர். ஒரே வருஷத்தில் 20 சதவீதம் இறங்கியிருந்தது. இன்னொரு 20 சதவீதம் இறங்குவதாகவே வைத்துக்கொள்வோம். 45 யூனிட் பேட்டரிக்கு ஏறத்தாழ 1,000 டாலர், நம் காசில் 90,000 ரூபாய். கம்பெனி அதில் ஒரு பைசாகூட எடுத்துக்கொள்ளாமல் முழுவதையும் எனக்கே கொடுத்தால் இது. இரண்டு வருஷம் காத்திருந்து, அதுவரை பெட்ரோல் போட்டால் அதற்கே ஒரு லட்சம் கூடுதலாகப் போய்விடும்.

சாலிட் ஸ்டேட் பேட்டரி வந்தாலும் முதலில் பெரிய விலை வண்டிகளில்தான் வரும். பன்னிரண்டு, பதினான்கு லட்சம் வண்டிக்கு அது இறங்கி வரும்போது மச்சானே டீசலை விட்டிருப்பார்.

பேட்டரியைவிடப் பெரிய தொகை ஒன்று இருக்கிறது, சாலை வரி. தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை உள்ள காருக்கு 18 சதவீதம். 13.99 லட்சம் வண்டிக்கு இரண்டரை லட்சம் ரூபாய்! எலெக்ட்ரிக் வண்டிக்கு இது முழுக்க விலக்கு, நான் கணக்குப் போட்டபோது 2025 டிசம்பர் 31 வரை என்று இருந்தது. ஷோரூம்காரர்கள் இந்தத் தேதியைத்தான் கையில் வைத்துக்கொண்டு அவசரப்படுத்தினார்கள். இதே விலக்கு முதலில் 2022 டிசம்பர் வரை என்றுதான் இருந்தது, அப்புறம் நீட்டித்தார்கள். இந்த முறையும் நீட்டிக்கலாம், ஆனால் அப்போது அது உறுதியில்லை. நீட்டிக்காவிட்டால் மூன்று லட்ச வித்தியாசம் ஐந்தரை லட்சம் ஆகிவிடும். அதை ஈடுகட்ட பதினோரு வருஷம். அந்த நிலையில் நான் இ.வி. வாங்கவே மாட்டேன், பேசாமல் ஒரு பெட்ரோல் வண்டியை எடுத்துவிடுவேன். ஆக, பொறுப்பதில் கிடைக்கக்கூடிய லாபம் அதிகபட்சம் ஒரு லட்சம், நஷ்டமாகக்கூடியது இரண்டரை லட்சம். எந்த வேதியியலும் தெரியாமலே இதைச் சொல்லிவிடலாம்.

பேட்டரி வாடகைத் திட்டத்தையும் பார்த்தேன். எம்.ஜி. கம்பெனியின் வின்ட்சர் எலெக்ட்ரிக் கார் அறிமுகமானபோது பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம் விலை, கி.மீ.க்கு மூன்றரை ரூபாய் பேட்டரி வாடகை என்றார்கள். என் ஓட்டத்துக்கு மாதம் 3,500. மிச்சமாகும் பெட்ரோல் காசில் பெரும்பகுதி வாடகையிலேயே போய்விடும். வேண்டாம்.

வியட்நாம் கார் கம்பெனியான வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் தொழிற்சாலை திறந்தது. நம் ஊர்க் கார் என்று ஓர் ஆசை இருக்கத்தான் செய்கிறது, ஆனால் என் பட்ஜெட்டுக்கு மேலே.

ஷீட்டில் அடங்காத விஷயம் சென்னைப் பயணம். மகள் அங்கே படிக்கிறாள். சேலம், ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாக 400 கி.மீ. ஏசி போட்டு ஓட்டினால் நடுவில் ஒருமுறை சார்ஜ் போடாமல் முடியாது, யூனிட்டுக்கு 20 ரூபாய் பக்கம் ஆகும். காசு பரவாயில்லை. அலுவலக நண்பர் ஒருவர் அந்த வழியில் ஒரு சார்ஜரில் போய் நின்றால் வேலை செய்யவில்லையாம். அடுத்ததில் இவருக்கு முன்னால் இரண்டு வண்டி. என் மனைவிக்கு இந்தக் கதை தெரிந்த நாளிலிருந்து ஸ்விஃப்டை விற்கக் கூடாது என்கிறார். சென்னைக்கு ரயிலில் போகலாம் என்பது என் கட்சி. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் ஒரு வேலை பாக்கி இருந்தது. பழைய வயரிங், எர்த் சரியில்லை. எர்த் இல்லாவிட்டால் சார்ஜர் மின்சாரத்தையே ஏற்றாது. எலெக்ட்ரீஷியன் வந்து போர்ட்டிகோ ஓரத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் கொடுத்து, தனி வயர் இழுத்து, 15 ஆம்பியர் பிளக் வைத்தார். ராத்திரி போட்டால் காலைக்குள் என் ஒருநாள் ஓட்டத்தைப்போல மூன்று மடங்கு ஏறிவிடும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எல்லாம் பகலில்தானே. சென்னையில் அபார்ட்மென்டில் இருக்கும் என் தங்கைக்கு இந்த வசதி கிடையாது. பார்க்கிங்கில் ஒரு பிளக் வைக்க அசோசியேஷனோடு போராடிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நானே பொறு என்றுதான் சொன்னேன்.

45 யூனிட் பேட்டரி வண்டிக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டேன். புக்கிங் தேதிக்கு மதிப்பில்லை, பதிவாகும் தேதிதான் கணக்கு என்பதால், டிசம்பர் 31-க்குள் ரிஜிஸ்ட்ரேஷன் முடியாவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வேண்டும் என்று ஆர்டர் படிவத்திலேயே எழுதச் சொன்னேன். மேனேஜர் கொஞ்சம் முனகினார். அப்புறம் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்.