கொப்பரை ஏறும் துறைகள்: மார்க்கேசஸ் தீவுகளில் ஒரு சரக்குக் கப்பலோடு

அரானூயி பாதி சரக்குக் கப்பல், பாதி பயணிகள் கப்பல். முன்பாதியில் கிரேன்கள், கண்டெய்னர்கள், சரக்கு அறைகள். பின்பாதியில் படுக்கை அறைகள், சாப்பாட்டுக் கூடம், சின்னதாக ஒரு நீச்சல் குளம். இப்போது ஓடுவது அரானூயி 5. 126 மீட்டர் நீளம், 2015 கடைசியில் ஓட ஆரம்பித்தது. தாஹித்தித் தீவின் பப்பேத்தே துறைமுகத்தில் கிளம்பி, மார்க்கேசஸ் தீவுகளுக்குச் சாமான் கொடுத்துவிட்டு 12 நாளில் திரும்பிவிடும். 1984 முதல் எங்களைப் போன்ற ஊர் சுற்றிகளையும் ஏற்றிக்கொள்கிறார்கள்.

மார்க்கேசஸ் தாஹித்திக்கு வடகிழக்கே ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தள்ளி, எந்தக் கண்டத்துக்கும் பக்கத்தில் இல்லாமல் பசிபிக்கின் நடுவே இருக்கிறது. பிரான்சின் ஆட்சியில் உள்ள பிரெஞ்சு பாலினீசியாவின் ஒரு பகுதிதான், ஆனால் கடிகாரம் தாஹித்தியைவிட அரை மணி முன்னால் ஓடும். ஆட்கள் வசிக்கும் தீவுகள் ஆறு. மொத்தம் 9,000 பேருக்குச் சற்று மேல். தாஹித்தி, போரா போரா படங்களில் பார்க்கும் பவளப்பாறை வளையமும் பச்சைநிறக் காயலும் இங்கே கிடையாது. எரிமலைப் பாறை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. திறந்த கடலின் அலை தடுப்பே இல்லாமல் கரையில் வந்து மோதும். சாமான் இறக்குவது இவ்வளவு சிரமமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

புதுச்சேரியில் பிறந்து, பிள்ளைப் பருவம் முடிந்ததும் பிரான்சுக்கு வந்துவிட்டவள் நான். அம்மாவழித் தாத்தா கொப்பரை வாங்கி விற்றவர். அந்தக் காரமான எண்ணெய் வாசனை எங்கே அடித்தாலும் நின்றுவிடுவேன். கொப்பரை ஏற்றிக்கொண்டு திரும்பும் கப்பல் ஒன்று இன்னும் ஓடுகிறது, அதில் பயணியாகப் போகலாம் என்று தெரிந்ததிலிருந்து அந்த ஆசை என்னை விடவில்லை.

கிளம்பும் அன்று பப்பேத்தேயில் சீக்கிரமே ஏறி, மேல்தளத்தில் நின்று சரக்கு ஏறுவதைப் பார்த்தேன். மாவு மூட்டை, அரிசி, சர்க்கரை, பால்பொடி, சிமென்ட், மரப்பலகை, தகரம், டிரம் டிரம்மாக எரிபொருள், மெத்தை, சலவை இயந்திரம், வெளிப்புற மோட்டார், ஒரு புது வேன். எல்லாவற்றிலும் கொட்டை எழுத்தில் தீவின் பெயரும் ஆளின் பெயரும். மாவு, அரிசி மாதிரியான அத்தியாவசியப் பொருட்களுக்கு வெளித்தீவுகள் வரையான கப்பல் கூலியைப் பிரெஞ்சு பாலினீசிய அரசே ஏற்கிறது. இல்லையென்றால் ஒரு ரொட்டியின் விலையில் பாதி கடலுக்கே போய்விடும். கப்பல் கணக்கில் பயணிகளின் பங்கும் உண்டு. எங்கள் டிக்கெட் காசும் சேர்ந்துதான் இந்தக் கப்பலை ஓட்டுகிறது. அதில் எனக்கு மனநிறைவு.

இடையில் துவாமோத்து பவளத் தீவு ஒன்றில் நின்றோம். அழகான இடம், குளித்தோம், ஏறினோம். அதற்கப்புறம் ஒரு முழு நாள் கடல் மட்டும்.

நூக்கு ஹீவாவின் தாயோஹாயேதான் இந்தத் தீவுக்கூட்டத்தின் நிர்வாக ஊர். ஆஸ்பத்திரி, வங்கி, விமான நிலையம் எல்லாம் உள்ள பெரிய தீவு. அங்கே துறையில் கப்பல் அணைந்தது, ஃபோர்க்லிஃப்ட்கள் ஓடின, வேலை நடந்தது. ஊவா போ தீவின் ஹக்கஹவு துறையிலும் அப்படித்தான். அந்த ஊர் தேவாலயத்தில் பாதிரியார் நின்று பேசும் மேடையைப் படகின் முகப்பு வடிவில் ஒரே மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள். கீழே துறையில் கப்பல் முகப்பைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, இந்த ஊர்க்காரர்கள் கடவுளிடம் எதை முதலில் கேட்டிருப்பார்கள் என்று விளங்கியது.

ஹீவா ஓவாவின் அத்துவோனாவில் எல்லாரும் மலையேறிக் கல்லறைக்குப் போனார்கள். 1903-ல் இங்கே இறந்த ஓவியர் பால் கோகானும், 1978-ல் இறந்த பாடகர் ஜாக் பிரெலும் அங்கேதான் அடக்கம். பிரெல் தன் சின்ன விமானத்தில் தீவு மக்களுக்குத் தபாலும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்தவர். அதற்காகவே நானும் போய்ப் பூ வைத்தேன்.

என் மனம் முழுக்க இருந்தது ஃபத்து ஹீவாவில். ஏறத்தாழ 600 பேர், ஓமோவா, ஹனவவே என்று இரண்டே ஊர். விமானத் தளம் கிடையாது. பக்கத்துத் தீவான ஹீவா ஓவாவுக்குப் படகில் போகவே மணிக்கணக்கு ஆகும், அதுவும் கடல் விட்டால்தான். நடுநிலைப் பள்ளிக்குப் பிள்ளைகள் அங்கே போய் விடுதியில் தங்குகிறார்கள். பிரசவத்துக்கு நாள் நெருங்குமுன்பே பெண்கள் தீவை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

ஓமோவாவில் பெரிய கப்பல் துறைக்கு வர முடியாது; விரிகுடாவில் நங்கூரம் போடும். கிரேன் முதலில் தட்டையான இரும்புப் பார்ஜைத் தண்ணீரில் இறக்கும், பிறகு அதற்குள் சரக்கை இறக்கும். பார்ஜ் கரைக்கு ஓடும். அங்கே இருப்பது சின்னத் துறை. அலை வரும்போது பார்ஜ் ஆளுயரம் எழும்பும், போகும்போது அப்படியே தாழும். சாமானும் துறையும் ஒரே மட்டத்துக்கு வரும் அந்த ஒரு நொடியில்தான் கைமாற்ற வேண்டும். மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தத் தீவுகளைச் சேர்ந்தவர்களே. தோளிலிருந்து கெண்டைக்கால் வரை பச்சை குத்திய பெரிய உடம்புக்காரர்கள். கத்தல் இல்லை. அலையைப் பார்க்கிறார்கள், ஒருவர் கையைத் தூக்குகிறார், குளிர்பதனப் பெட்டி ஒன்று பார்ஜிலிருந்து துறைக்கு வந்துவிடுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

இங்கிருந்து மலைமுகட்டைத் தாண்டி ஹனவவே வரை ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நடை உண்டு. காட்சி அற்புதம் என்று போனவர்கள் எல்லாரும் சொன்னார்கள், என் கணவர் உட்பட. நான் துறையிலேயே உட்கார்ந்துகொண்டேன். வழிகாட்டிப் பெண் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள். கப்பல் வந்த நாளில் கப்பலைப் பார்ப்பதைவிட எனக்கு வேறெதுவும் பெரிதாகப் படவில்லை.

ஊரே அங்கே இருந்தது. பிக்அப் வண்டிகள் பின்புறத்தைக் கடலுக்குக் காட்டி வரிசையாக நின்றன. கப்பலின் கணக்கர் ஒரு கட்டுத் தாளோடு துறையில் நின்று பெயரைக் கூப்பிட, ஆள் வந்து கையெழுத்துப் போட்டுச் சாமானை எடுத்துக்கொள்கிறார். ஒரு பாட்டி நீண்ட அட்டைப் பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்திக்குக் கட்டில் என்றார். பிரெஞ்சில் பேசினோம். “எந்த ஊர் அம்மா நீ?” என்று கேட்டார். இந்தியா என்றதும், “அங்கே தேங்காய் உண்டா?” என்பதுதான் அடுத்த கேள்வி. உண்டு, எங்கள் தாத்தாவே கொப்பரை வியாபாரி என்றேன். சட்டென்று என் கையைப் பிடித்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த உலர்த்தும் களத்துக்கே கூட்டிப்போய்விட்டார்.

தரைக்கு மேலே பலகைப் பரண். அதன் மேல் தள்ளிவிடக்கூடிய தகரக் கூரை. வெயில் அடித்தால் கூரையைத் தள்ளித் திறக்கிறார்கள், மழை வந்தால் இழுத்து மூடுகிறார்கள். மழையும் வெயிலும் மாறி மாறி வரும் ஊருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. தேங்காயைக் கோடாலியால் பிளந்து, பருப்பை வளைந்த கத்தியால் நெம்பி எடுத்துப் பரப்புகிறார்கள். மரத்தண்டைச் சுற்றித் தகரப் பட்டை அடித்திருந்தது, எலி ஏறாமல் இருக்க. காய்ந்த பருப்பைச் சணல் சாக்கில் குத்திக் குத்தி நிரப்பித் தைக்கிறார்கள். இவ்வளவையும் செங்குத்தான சரிவுகளில் பொறுக்கி, தோளில் சுமந்து இறக்க வேண்டும். கொப்பரைக்கு உலகச் சந்தை தரும் விலையை நம்பினால் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். அரசு ஒரு விலை வைத்து, மானியம் சேர்த்து வாங்குகிறது. வீண் செலவு என்று தாஹித்தியில் சிலர் சொல்வார்கள். அந்தப் பரணைப் பார்த்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியாது. தீவில் இருக்க விரும்பும் குடும்பத்துக்குத் தீவிலேயே உழைத்துச் சம்பாதிக்க வழி வேண்டும்; அந்தப் பணத்துக்கு அதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

பிற்பகலில் சாக்குகள் துறைக்கு வந்தன. தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து, பெயருக்கு நேரே கிலோ எழுதிக்கொள்கிறார்கள். சாக்கு போகும் பார்ஜிலேயே காலி எரிவாயு சிலிண்டர்களும், காலி பீர் பாட்டில் பெட்டிகளும், எலுமிச்சை, பம்ப்ளிமாஸ் மூட்டைகளும், தாஹித்தியில் இருக்கும் உறவினருக்குச் சீமைப்பலாக் கூடைகளும் ஏறின. நோனிப் பழம் நீலப் பீப்பாய்களில் போயிற்று. கொப்பரை முழுவதும் பப்பேத்தேயில் உள்ள எண்ணெய் ஆலைக்கு. அந்த எண்ணெயில் தியாரே பூவை ஊறவைத்துத்தான் மோனோய் செய்கிறார்கள், தாஹித்திக் கடைகளில் எல்லாப் பயணிகளும் வாங்கும் அந்த வாசனைத் தைலத்தை.

பெண்களுக்கும் அன்று சந்தை நாள். முசுக்கட்டை, சீமைப்பலா, ஆல் ஆகிய மரங்களின் உள்பட்டையை உரித்து, மரக்கட்டையால் அடித்து அடித்து அகலமாக்கித் தாப்பா என்ற துணி செய்கிறார்கள். இந்தத் தீவுகளில் அந்தக் கைத்தொழிலை விடாமல் பிடித்திருப்பது ஃபத்து ஹீவாதான். பேரம் பேசாதீர்கள். ஒரு துண்டுக்கு எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்பதை அங்கேயே காட்டுகிறார்கள்.

மாலையில் கப்பல் ஹனவவேக்கு நகர்ந்து, நடந்து போனவர்களை ஏற்றிக்கொண்டது. இரவுச் சாப்பாட்டில் ஒருவர், நவீன உலகம் தொடாத சொர்க்கம் என்று ஃபத்து ஹீவாவைப் புகழ்ந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. 1595-ல் ஸ்பானியர் வந்ததிலிருந்து இந்தத் தீவுகளை உலகம் தொட்டுக்கொண்டேதான் இருக்கிறது. 1863-ல் பெருவிலிருந்து வந்த ஒரு கப்பல் பெரியம்மையைக் கொண்டுவந்து நூக்கு ஹீவாவிலும் ஊவா போவிலும் ஊர்களைக் காலியாக்கியது. 1920-களில் ஆறு தீவிலும் சேர்த்து எஞ்சியிருந்தவர்கள் 2,000 பேர் அளவுதான். அங்கிருந்து மீண்டு வந்த மக்கள் இவர்கள். 2024-ல் யுனெஸ்கோ இந்தத் தீவுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, சந்தோஷம். ஆனால் இவர்களுக்கு வேண்டியது குளிர்பதனப் பெட்டியும் சிமென்ட்டும் பேத்திக்குக் கட்டிலும். அவை வரவே கூடாது என்று ஆசைப்பட நமக்கு உரிமையில்லை.

ஊவா ஹூக்காவின் வைப்பயே விரிகுடாவை மட்டும் தூங்கித் தவறவிடாதீர்கள். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவே கப்பல் திரும்புவதற்கே இடம் போதாத ஒடுக்கம். விடிகாலையில் உள்ளே போய், நங்கூரம் போட்டு, கப்பலை அங்கேயே திருப்புகிறார்கள். சின்னப் படகில் மாலுமிகள் கனத்த வடத்தைக் கொண்டுபோய், அலை தூக்கும்போது பாறையில் தாவி ஏறி, இரு கரையிலும் கட்டுகிறார்கள். அதன் பிறகே பார்ஜ் இறங்கும். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த வடத்துக்குப் போய்விட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஐரோப்பாவுக்கான சாதாரண ஷெங்கன் விசா மட்டும் போதாது. விண்ணப்பிக்கும்போதே பிரெஞ்சு பாலினீசியாவுக்கு என்று கேளுங்கள். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அந்த நாட்டு விசாவும் வேண்டும். நோநோ என்கிற பொடி ஈக்கள் கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும், தைலம் பூசிக்கொள்ளுங்கள். ஃபத்து ஹீவாவில் பணம் எடுக்க வழி கிடையாது, அதனால் தாப்பா வாங்கும் ஆசை இருந்தால் நூக்கு ஹீவாவிலேயே பசிபிக் பிராங்க் எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 பிராங்க் என்பது 8.38 யூரோ, இது மாறாத கணக்கு. அப்புறம், தினமும் ஒரு சுற்றுலா ஏற்பாடு இருக்கும். ஒரு தீவிலாவது அதை விட்டுவிட்டு, கப்பல் போகும்வரை துறையில் உட்காருங்கள். பார்ஜ் வழியிலும் ஃபோர்க்லிஃப்ட் வழியிலும் குறுக்கே நிற்காமல் இருந்தால் யாரும் உங்களை எழுப்ப மாட்டார்கள்.